சாம்பிளுக்குச் சரி, சப்மிட்டுக்குத் தப்பு: கணினி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலதும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. கோட் எழுத வருகிறது, ஆனால் கேள்வி என்னதான் கேட்கிறது என்பதில் குழப்பம். அதுவும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) கணக்குகளில். அதனால் லேப்டாப் சூடாகிறதே, எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று எழுதியவர்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி (இன்ஜினியரிங் மூன்றாமாண்டு மாணவர், பர்கூர்): சார், ஒரு ஆன்லைன் டெஸ்ட்டில் "கொடுக்கப்பட்ட வாக்கியத்தின் சொற்களைத் திருப்பி அச்சிடுக" என்று ஒரு கணக்கு. சாம்பிள் இன்புட் "க ச ட", சாம்பிள் விடை "ட ச க". அங்கே இங்கிலீஷ் எழுத்துகள், இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். நான் மொத்த ஸ்ட்ரிங்கையும் கடைசியிலிருந்து திருப்பிப் போட்டேன். சாம்பிள் பாஸ், நமக்குக் காட்டாமல் சோதிக்கும் ஹிடன் டெஸ்ட் கேஸ் பெரும்பாலும் ஃபெயில். தப்பு என் மேலா, கேள்வி மேலா?

பதில்: கேள்வி மேல்தான், தம்பி. ஆனால் மார்க் போனது உங்களுக்கு, அதனால் தப்பு யார் மேல் என்பதை விட்டுவிட்டு அடுத்த தடவை எப்படிப் பிழைப்பது என்று பார்ப்போம்.

"சொற்களைத் திருப்பு" என்பதை மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம். சொற்களின் வரிசை தலைகீழாக வேண்டும், சொற்கள் அப்படியே இருக்க வேண்டும் என்பது ஒன்று. வரிசை அப்படியே இருக்கட்டும், ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் எழுத்தைத் திருப்பு என்பது இன்னொன்று. மொத்தத்தையும் கடைசி எழுத்திலிருந்து வாசி என்பது மூன்றாவது. இது நான் கிளப்பும் வீண் சந்தேகம் இல்லை, லீட்கோட் என்ற புரோகிராம் பயிற்சித் தளத்தில் இந்த மூன்றுமே தனித்தனிக் கணக்காக இருக்கின்றன: 151-ஆவது கணக்கு சொற்களின் வரிசையைத் திருப்பச் சொல்கிறது, 557 சொல்லுக்குள் எழுத்தைத் திருப்பச் சொல்கிறது, 344 முழு ஸ்ட்ரிங்கையும் திருப்பச் சொல்கிறது. ஆக ஒரே வரியை வைத்துக்கொண்டு மூன்று பேர் மூன்று புரோகிராம் எழுதினால் மூவருமே வரியை ஒழுங்காகப் படித்தவர்கள்தான்.

இப்போது உங்கள் சாம்பிளைப் பாருங்கள். "க ச ட" என்பதில் ஒவ்வொரு சொல்லும் ஒற்றை எழுத்து. வரிசையைத் திருப்பினாலும் "ட ச க", மொத்தமாகத் திருப்பினாலும் "ட ச க". சொல்லுக்குள் திருப்பினால் மட்டும் இன்புட் அப்படியே வரும். எனவே அந்த சாம்பிள் ஒரு அர்த்தத்தைத்தான் கழித்துக்கட்டியது, மீதி இரண்டையும் உள்ளே விட்டுவிட்டது. நீங்கள் பாஸ் ஆனதாக நினைத்தீர்கள், உண்மையில் சாம்பிள் உங்களைச் சோதிக்கவே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். கோட் எழுத உட்காரும் முன் ரஃப் தாளில் உங்களுக்குத் தோன்றும் அர்த்தங்களை எழுதுங்கள். அப்புறம், அந்த அர்த்தங்கள் எல்லாம் வேறு வேறு விடை தருகிற மிகச் சின்ன இன்புட் எது என்று தேடுங்கள். இங்கே "கச டத" போதும். முதல் அர்த்தத்துக்கு "டத கச", இரண்டாவதுக்கு "சக தட", மூன்றாவதுக்கு "தட சக". மூன்றும் மூன்று விதம். இது மாதிரி ஒரு இன்புட் கேள்வியின் சாம்பிளில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வழக்கு முடிந்தது, கேள்வியின் வார்த்தை என்ன சொன்னாலும் சாம்பிள் சொல்வதே செல்லும். இல்லாவிட்டால் கேள்வியில் "சொற்கள்" என்று ஏன் தனியாகச் சொன்னார்கள் என்று யோசியுங்கள். மொத்தத்தையும் திருப்புவதாக இருந்தால் சொல் என்ற பேச்சே தேவையில்லை, ஸ்ட்ரிங்கைத் திருப்பு என்று விட்டிருப்பார்கள். உங்கள் கணக்கில் முதல் அர்த்தம்தான் கேட்டிருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்வது இந்த ஒரு காரணத்தால்தான்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை, இடைவெளி இருக்கிறது. இரண்டு சொற்களுக்கு நடுவே இரண்டு ஸ்பேஸ் வந்தால்? பைத்தானில் ஸ்ட்ரிங்கைத் துண்டாக்கும் ஸ்பிளிட்டை அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் போட்டால் எத்தனை ஸ்பேஸ் இருந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு இரண்டே துண்டு தரும், முன்னால் பின்னால் இருப்பதையும் கழற்றிவிடும். அதே ஸ்பிளிட்டுக்கு ஒரு ஸ்பேஸை எழுதிக் கொடுத்தால் மூன்று துண்டு வரும், நடுவில் ஒன்று வெற்று ஸ்ட்ரிங். திரும்ப ஒரு ஸ்பேஸ் வைத்து ஜாயின் செய்து ஒட்டும்போது முதல் வகை ஸ்பிளிட் ஸ்பேஸைச் சுருக்கிவிடும், இரண்டாவது வகை இருந்தபடியே வைக்கும். எது வேண்டும்? 151-ஆவது கணக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறார்கள், விடையில் சொற்களுக்கு நடுவே ஒரே ஒரு ஸ்பேஸ்தான் இருக்க வேண்டும் என்று. 557-இல் இன்புட்டே ஒற்றை ஸ்பேஸோடுதான் வரும் என்று நிபந்தனைப் பகுதியில் உத்தரவாதம் தருகிறார்கள். கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறதே, நீளம் இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று, அதை நம் பசங்கள் டைம் லிமிட் கணக்குப் போட மட்டும் பார்க்கிறார்கள். கேள்வியின் பாதி அங்கேதான் இருக்கிறது. நீளம் 1-லிருந்து தொடங்கினால் வெற்று ஸ்ட்ரிங் வராது, 0-விலிருந்து தொடங்கினால் கண்டிப்பாக ஒரு ஹிடன் டெஸ்ட் கேஸ் அதற்கென்றே காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சி++ பசங்களுக்கு ஒரு வார்த்தை: சின் (cin) வைத்து ஒவ்வொரு சொல்லாக வாங்கினால் எத்தனை ஸ்பேஸ் இருந்தது என்ற தகவலே கைக்கு வராமல் போய்விடும். ஸ்பேஸை அப்படியே காப்பாற்றச் சொல்லும் கணக்கில் வரியை முழுசாக வாங்கும் கெட்லைன்தான்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவி, பாலக்கோடு): "ஸ்ட்ரிங்கில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளை நீக்குக." இதில் என்ன குழப்பம் இருக்க முடியும்? ஆனால் என் விடையும் தோழியின் விடையும் வேறு வேறு.

பதில்: "ககசசடக" என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் முதல் தடவை வந்ததை மட்டும் வைத்தால் "கசட". அடுத்தடுத்து ஒட்டி வரும் இரட்டிப்பை மட்டும் ஒன்றாக்கினால் "கசடக". ஒரு தடவைக்கு மேல் வந்த எழுத்தை அடியோடு தூக்கிவிட்டால் "ட" மட்டும். மூன்றுமே "நீக்கு" என்ற வார்த்தைக்குப் பொருந்தும். நீங்கள் இருவரும் இதில் ஏதோ இரண்டை எழுதியிருப்பீர்கள்.

கூடவே ஒன்று. பைத்தானில் இதற்கு, எதையும் ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்ளும் செட் போட்டுவிட்டு ஜாயின் செய்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. செட் வரிசையைக் காப்பாற்றாது, ஒவ்வொரு தடவை ரன் செய்யும்போதும் வரிசை மாறலாம். உங்கள் மெஷினில் அதிர்ஷ்டவசமாகச் சரியாக வந்து அங்கே தப்பாகப் போகும். அதற்குப் பதில் டிக்ட் ஃப்ரம்கீஸ் (dict.fromkeys) போட்டால் பைத்தான் 3.7 முதல் வரிசைக்கு உத்தரவாதம் உண்டு.

கேள்வி (டைப்பிங் சென்டர் நடத்தும் வாசகி, கிருஷ்ணகிரி): அண்ணா, நான் புரோகிராமர் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர் பட்டியலை எக்செலில் ஏற்றிக் கொடுத்தேன். அப்புறம் "ஒரே ஊர் ரெண்டு தடவை வராம ஊர் லிஸ்ட் மட்டும் எடுத்துக் குடும்மா" என்றார்கள். டூப்ளிகேட் நீக்கும் பட்டனை அழுத்தினேன், இன்னும் ஒரே ஊர் நாலைந்து தடவை வருகிறது. எக்செலில் கோளாறா?

பதில்: எக்செலில் கோளாறு இல்லைங்க. நீங்கள் புரோகிராமர் இல்லை என்கிறீர்கள், ஆனால் பர்கூர் தம்பிக்கு வந்த அதே சிக்கல்தான் உங்களுக்கும், அவருக்குக் கேட்க ஆள் இல்லை, உங்களுக்கு இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒரே ஊர்" என்றால் என்ன? எக்செலுக்கு ஒரே ஊர் என்றால் எழுத்துக்கு எழுத்து அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு அப்படியில்லை. உங்கள் பட்டியலில் தர்மபுரியும் இருக்கும், தருமபுரியும் இருக்கும். இரண்டும் நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் சேமிக்கும் யூனிகோட் குறிகளாக எண்ணினால் இரண்டுமே எட்டு. வித்தியாசம் ஒரே இடத்தில்தான், ஒன்றில் ரகரத்துக்குப் பின் புள்ளி, இன்னொன்றில் உகரக் குறி. அந்த ஒன்று போதும், அதற்கு இரண்டும் வேறு ஊர். ஓசூர், ஹோசூர், கிருஷ்ணகிரி, கிருட்டிணகிரி, காவேரிப்பட்டணம், காவேரிப்பட்டினம் என்று நம் பக்கத்தில் இதற்குக் குறைவே இல்லை.

இதைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். பாலக்கோடு என்பதில் உள்ள "கோ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறி ஒரே குறியாக ஒன்று, அல்லது முன்னால் போடும் இரட்டைக் கொம்பும் பின்னால் போடும் காலும் தனித்தனிக் குறியாக. திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் ஒன்பது குறி, மற்றதில் பத்து. பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றி ஒட்டிய பட்டியலில் இது வர வாய்ப்பு அதிகம். பைத்தான் தெரிந்த பையன் யாராவது கிடைத்தால் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று ஒன்று இருக்கிறது, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், இந்தப் பிரச்சினை ஒரே வரியில் தீரும்.

மூன்றாவது, ஸ்பேஸ். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது வேறு ஊர்தான். எக்செலில் ட்ரிம் போடுங்கள், அது முன்னும் பின்னும் உள்ளதை எடுத்துவிடும், நடுவில் பல ஸ்பேஸ் இருந்தால் ஒன்றாக்கும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்தால் சில சமயம் உடையாத ஸ்பேஸ் என்று ஒரு வகை வந்து உட்கார்ந்துகொள்ளும், ட்ரிம் அதைத் தொடாது. அதன் எண் 160. சப்ஸ்டிட்யூட் போட்டு அதைச் சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிட்டு அப்புறம் ட்ரிம் போடுங்கள். (பைத்தானில் ஸ்ட்ரிப் என்று இருப்பது இரண்டு ஓரத்தை மட்டும்தான் பார்க்கும், நடுவைத் தொடாது. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.)

இவை எல்லாம் மெஷின் வேலை. இனி வருவது மெஷினால் ஆகாதது. முன்னாள் மாணவர் பட்டியல் என்கிறீர்கள், அப்படியானால் பழைய முகவரிகள் இருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி. அதற்கு முன் படித்தவர் முகவரியில் "ஓசூர், தர்மபுரி மாவட்டம்" என்று இருக்கும், பின்னால் படித்தவருக்கு "ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்". இன்னும் பழைய ஆளாக இருந்து, 1965-க்கு முன் எழுதிய முகவரி என்றால் சேலம் மாவட்டம் என்று இருக்கும், தர்மபுரி மாவட்டமே அந்த ஆண்டுதான் பிரிந்தது. மூன்றும் ஒரே ஓசூர்தான். கமாவுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுத்தால் ஒரு ஊர், முழு வரியையும் எடுத்தால் மூன்று ஊர். சரி, கமாவுக்கு முன்னாலேயே எடுப்போம் என்றால், ஒரே பெயரில் இரண்டு தாலுகாவில் இரண்டு கிராமம் இருந்தால் அவை ஒன்றாகிவிடும், நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பட்டிகள் எத்தனை!

ஆகவே பள்ளிக்குப் போன் போடுங்கள். "லிஸ்ட் எப்படி வேணும்" என்று கேட்காதீர்கள், "நல்லா வேணும்மா" என்றுதான் பதில் வரும். நாலு வரியைத் தாளில் எழுதிக்கொண்டு, "ஓசூர் தர்மபுரி மாவட்டம், ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம், ரெண்டும் ஒண்ணா வரணுமா தனித்தனியா வரணுமா" என்று கேளுங்கள். இதற்கு ஒண்ணா, தனித்தனியா என்று இரண்டே பதில்தான் இருக்க முடியும்.

கேள்வி (பிளஸ் டூ மாணவர், அரூர்): முன்னும் பின்னும் படித்தால் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதினேன். இங்கிலீஷ் சொற்களுக்குச் சரியாக வருகிறது. "விகடகவி" கொடுத்தால் இல்லை என்கிறது! பைத்தானுக்குத் தமிழ் தெரியாதா?

பதில்: உங்கள் பைத்தானுக்குத் தமிழ் தெரிந்த அளவு போதாது என்பது சரிதான். விகடகவி நமக்கு ஐந்து எழுத்து: வி, க, ட, க, வி. பைத்தான் லென் போட்டுப் பாருங்கள், ஏழு என்று சொல்லும், ஏனென்றால் "வி" அதற்கு வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டு. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட்டாக எண்ணினால் 21, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். இப்போது நீங்கள் திருப்பும்போது அது குறிகளைத் திருப்புகிறது, எனவே இகரக் குறி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கும், வகரம் கடைசிக்குப் போய்விடும். ஒத்துப்போகுமா?

"எழுத்துகளைத் திருப்பு", "எத்தனை எழுத்து என்று எண்ணு" என்று கேள்வி வந்தால், எழுத்து என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதுதான் முதலில் தீர வேண்டியது. இங்கிலீஷில் எழுத்து, குறி, பைட் என்ற மூன்று கணக்கும் ஒரே எண்ணாக வந்துவிடுவதால் யாரும் கவலைப்படுவதில்லை. தமிழில் தப்பிக்க முடியாது.

சரிசெய்வது கஷ்டமில்லை. ஸ்ட்ரிங்கை ஒவ்வொரு குறியாக எடுங்கள், யூனிகோட்டேட்டா மாட்யூலின் கேட்டகரி (குறியின் வகை) கேட்டுப் பாருங்கள். அது எம் (M) என்று தொடங்கினால் உயிர்க்குறியோ புள்ளியோ, அதை முந்தைய துண்டோடு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் புதுத் துண்டு. இப்படி வந்த லிஸ்ட்டைத் திருப்பி ஒப்பிட்டால் விகடகவி பாஸ். "தேரு வருதே" கொடுத்துப் பாருங்கள், இப்போது ஸ்பேஸ் உதைக்கும். ஸ்பேஸைக் கணக்கில் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் கேள்வியில் சொல்லியிருக்கிறதா? "பக்ஷி"யில் க்ஷ ஓர் எழுத்தா இரண்டா என்று வாத்தியாரிடம் கேட்டு வையுங்கள், நான் சொன்ன முறை அதை இரண்டாக உடைக்கும்.

கேள்வி (வாசகர், பென்னாகரம்): "சலசலசல" என்பதில் "சலசல" எத்தனை தடவை வருகிறது?

பதில்: பைத்தானின் கவுண்ட் ஒன்று என்னும். ஒரு தடவை பிடித்ததும் அந்த நாலு எழுத்தையும் தாண்டிவிடும், மிச்சம் "சல" மட்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவதையும் எண்ணினால் இரண்டு. கேள்வியில் இன்புட்டே இப்படி ஏறி வருகிற மாதிரி கொடுத்திருந்தால், வேண்டுமென்றேதான் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி (வேலை தேடும் பட்டதாரி, ஊத்தங்கரை): இன்டர்வியூவில் புரோகிராம் கேட்கும்போது திருப்பிச் சந்தேகம் கேட்டால், இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துவிட மாட்டார்களா? எனக்கு இங்கிலீஷ் பேசவும் கொஞ்சம் தயக்கம்.

பதில்: "கொஸ்டீன் புரியவில்லை சார்" என்றால் நினைக்கலாம். "கச டத கொடுத்தால் டத கச வர வேண்டுமா, சக தட வர வேண்டுமா" என்று கேட்டால் நினைக்க மாட்டார்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். சில பேர் வேண்டுமென்றே கேள்வியை அரைகுறையாக விடுவதே நீங்கள் கேட்கிறீர்களா என்று பார்க்கத்தான். கேட்காமல் நேராக டைப் அடிக்கத் தொடங்குபவரைத்தான் அங்கே சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

இங்கிலீஷ் தயக்கத்துக்கும் இந்த வழி நல்லது. நீளமாகப் பேச வேண்டியதில்லை, ஒரு இன்புட்டை எழுதி, பக்கத்தில் இரண்டு விடை எழுதி, எது என்று பேனாவால் காட்டினால் போதும். அதற்காக இருபது சந்தேகம் கேட்காதீர்கள், விடையை மாற்றும் சந்தேகத்தை மட்டும் கேளுங்கள். வெற்று ஸ்ட்ரிங் வருமா, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா, ஸ்பேஸும் நிறுத்தக்குறியும் கணக்கா, சம நிலை வந்தால் எது முதலில். பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்றுதான் பொருந்தும். "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டால், கோட்டின் முதல் வரியில் நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தத்தை கமெண்ட்டாக எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆன்லைன் டெஸ்ட்டில் கேட்க ஆள் இல்லையே என்றால் சாம்பிள், பொடி எழுத்து நிபந்தனை, கேள்வியின் வார்த்தை என்ற வரிசையில் நம்புங்கள். பல டெஸ்ட்டுகளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சப்மிட் செய்யலாம், அப்படியிருந்தால் இரண்டாவது அர்த்தத்தையும் எழுதிப் போட்டுப் பார்ப்பதில் வெட்கமே இல்லை.

கேள்வி (மாங்காய் மண்டிக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் வாசகர், காவேரிப்பட்டணம்): "பெங்களூரா,செந்தூரா,நீலம்," என்று கமா போட்டு ரகங்கள் வருகின்றன. பழைய ஜாவா புரோகிராம் மூன்று ரகம் என்றது. பைத்தானுக்கு மாற்றியதும் நான்கு என்கிறது. எது சரி?

பதில்: கடைசிக் கமாவுக்குப் பின் வெற்று ஸ்ட்ரிங் ஒன்று இருக்கிறது. ஜாவாவின் ஸ்பிளிட் கடைசியில் வரும் வெற்றுத் துண்டுகளைத் தானாகவே தூக்கிப் போட்டுவிடும், பைத்தான் தூக்காது. நடுவில் இரண்டு கமா சேர்ந்து வந்தால் இரண்டுமே வெற்றை வைத்துக்கொள்ளும், எனவே ஜாவா எப்போதும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தால் அதுவும் தப்பு. ஒரு லோடும் வராத நாளில் வரி காலியாக வந்தால் பைத்தானின் கமா ஸ்பிளிட் ஒரு துண்டு தரும், அது வெற்று. உங்கள் பில்லில் ரகம் ஒன்று, பெயர் இல்லை என்று விழும். ஸ்பிளிட் செய்தபின் ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்ட்ரிப் போட்டு, மிஞ்சியது வெற்றாக இருந்தால் தள்ளிவிடுங்கள். ஆனால் அதற்கு முன் மண்டிக்காரரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: நடுவில் வரும் வெற்று, கை தவறி அடித்த கமாவா, இல்லை ரகம் பிரிக்காமல் வந்த லோடை அப்படி எழுதும் வழக்கமா? இரண்டாவது என்றால் அதைத் தள்ளிவிட்டால் ஒரு லோடே கணக்கில் வராமல் போய்விடும்.